பனிக்கு அடியில் ஒரு தட்டல்

காட்டோரத்தில் ஒரு நாயும் ஒரு நரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“இன்னொரு தடவை ரோப்கார் கம்பத்தைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்தால் உன் கழுத்தை முறித்துவிடுவேன்!” என்று உறுமியது ஷேரு என்ற அந்த நாய்.

“ஒரு கோழித் தலைக்கா இவ்வளவு கோபம்? குப்பையில்தானே கிடந்தது!” என்றது செந்நரி.

“குப்பையானாலும் அது எங்கள் ஊர்க் குப்பை. ஓடு, திருடி!”

கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த மலைக்காகம் சிறகடித்துச் சிரித்தது. “சரியாகச் சொன்னாய், ஷேரு!” ஷேருவின் தட்டில் மிஞ்சுவதைத் தின்று வாழும் காகம் அது. ஷேரு எதைச் சொன்னாலும் அதற்குச் சரிதான்.

அந்த ஊருக்குச் சோன்கோட் என்று பெயர். இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்தது. ஒரே ஒரு கடைத்தெரு. தகரக் கூரை போட்ட ஓட்டல்கள். கோடையில் மேலே இருக்கும் புல்வெளியில் ஆடுகள் மேயும். குளிர்காலத்தில் அதே புல்வெளி பனியில் மூடிக் கிடக்கும். அப்போது கீழ்நாட்டிலிருந்து ஜனங்கள் பனிச்சறுக்கு விளையாட வந்து குவிவார்கள். கடைத்தெருவிலிருந்து அவர்களைக் கம்பியில் தொங்கி ஓடும் ரோப்கார் மேலே ஏற்றிவிடும்.

புல்வெளிக்கு வடக்கே ஒரு செங்குத்தான பள்ளத்தாக்கு இருந்தது. வெயிலே படாத இடம். பனி அங்கே விழுந்து விழுந்து ஏறிக்கொண்டே போகும். என்றைக்குச் சரியும் என்று யாருக்கும் தெரியாது. சரிந்தால் உள்ளே சிக்கியவரைத் தேடுவதுதான் ஷேருவின் வேலை. போன வருஷம் இரண்டு பேரை மோப்பம் பிடித்துக் காப்பாற்றியது. ஊரார் அதற்குச் சிவப்புச் சட்டை போட்டுப் படம் எடுத்து ஓட்டல் சுவர்களில் மாட்டினார்கள். அந்தப் பெருமை ஷேருவின் நடையிலேயே தெரியும்.

அந்த வாரம் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. நான்காம் நாள் காலையில் வெயில் அடித்தது. ரோப்காரில் வேலை பார்க்கும் பிஷன் ஒரு கட்டுச் சிவப்புக் கொடிகளோடு மேலே போனான். பயணிகள் வருவதற்குள் பள்ளத்தாக்கின் விளிம்பில் கொடி நட்டு வழியை மறிக்க வேண்டும்.

ஏழாவது கொடியை நடும்போது காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பனி பாளமாக உடைந்தது. பிஷனையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது.

கீழே எலி தேடிக்கொண்டிருந்த நரி மரங்களுக்குள் பாய்ந்து தப்பியது. இரைச்சல் அடங்கியதும் மெல்ல வெளியே வந்தது. காதைப் பனியில் வைத்தது.

டக். டக். டக்.

வெள்ளைப் பட்டை கொண்ட ஒரு வளைந்த பூர்ஜ மரத்தின் பக்கத்தில், ஆழத்தில், யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். நரி தோண்டிப் பார்த்தது. சரிந்த பனி கல் மாதிரி இறுகிவிட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அதற்குள் மேலே விசில் ஊதினார்கள். ஷேருவைப் பழக்கிய தன்சிங் அதைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே பத்துப் பேர் பனியைக் குத்திப் பார்க்கும் கம்பிகளோடும் மண்வாரிகளோடும் வந்தார்கள். தன்சிங் ஷேருவின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். “கால் மணி நேரம்தான் தாங்குவான். தேடு, ஷேரு! தேடு!”

ஷேரு மூக்கைத் தரையில் ஓட்டியது. விழுந்து கிடந்த ஒரு பெரிய தேவதாரு மரத்தின் மேல்முனையில் நின்றது. பிஷனின் வாசனை! பலமாகக் குரைத்தது. எல்லோரும் அங்கே தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் ஒரு கையுறை கிடைத்தது.

“பிஷனுடையதுதான்! இங்கேதான் இருக்கிறான்!” என்று கூவினார்கள்.

“ஷேருவின் மூக்கு தவறுமா!” என்று காகமும் கூவியது.

அப்போது நரி ஆட்கள் நின்ற இடத்துக்கே மேலே ஏறி வந்தது. மனிதர்கள் கையில் கம்பிகள் இருந்தன. ஆனாலும் நிற்கவில்லை.

“ஷேரு, இங்கே இல்லை! அவன் கீழே இருக்கிறான். நாற்பது அடி தள்ளி, வளைந்த மரத்தின் பக்கத்தில்!”

“நீயா! உயிர்மேல் ஆசையில்லையா உனக்கு?”

“தட்டுகிறான். என் காதால் கேட்டேன்! பனிக்கு அடியில் எலி நடந்தாலே எனக்குக் கேட்கும். உனக்குத் தெரியாதா?”

“வாசனை இங்கே வருகிறது!”

“விழுந்த மரத்தின் அடியில் பொந்து மாதிரி இடைவெளி கீழ்வரை இருக்கிறது. வாசனை அது வழியாக ஏறி இங்கே வருகிறது. ஆள் அங்கே இருக்கிறான்.”

“உனக்கென்ன அவன்மேல் அக்கறை?”

“அக்கறையெல்லாம் இல்லை. கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எப்படிப் போவது?”

“திருடி பேச்சை நம்பாதே, ஷேரு!” என்றது காகம். “உன் தட்டைக் காலி செய்ய வந்திருக்கிறாள்!”

ஷேரு குழியைத் திரும்பிப் பார்த்தது. ஆட்கள் இடுப்பளவு ஆழத்துக்குப் போய்விட்டார்கள். உள்ளே போகப் போக வாசனை கூடவில்லை, குறைந்தது. ஷேருவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது இந்த இடத்தை விட்டு நகர்ந்தால் தன் மூக்கு தவறியது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுவும் ஒரு நரி சொல்லித் தெரிந்தது என்றால்?

ஷேரு அதே இடத்தில் நின்று மறுபடியும் குரைத்தது. ஆட்கள் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள்.

நரி கீழே ஓடிப்போய்க் காது வைத்துக் கேட்டது. மீண்டும் மூச்சிரைக்க ஏறி வந்தது. “முதலில் விடாமல் தட்டினான். இப்போது நின்று நின்று தட்டுகிறான். வா, ஷேரு!”

தோண்டியவர்களில் ஒருவன் நிமிர்ந்தான். “சனியன், பிணம் தின்ன வந்துவிட்டது!” என்று கம்பியை வீசினான். அது நரியின் பின்னங்காலில் பட்டது. நரி கத்திக்கொண்டு உருண்டது. ஆனால் காட்டுக்குள் ஓடவில்லை. நொண்டிக்கொண்டே வளைந்த மரத்தடிக்குப் போய்த் தரையில் காதை வைத்தது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

“ஷேரு! தட்டல் நின்றுவிட்டது!”

அடுத்த நொடி ஷேரு குழியைத் தாண்டிக் கீழே பாய்ந்தது.

“ஷேரு! எங்கே போகிறாய்? திரும்பி வா!” தன்சிங் கத்தினான்.

“நரியைத் துரத்துகிறது. அதை விடு, நீ தோண்டு!” என்றான் ஒருவன்.

ஷேரு வளைந்த மரத்தடியில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. யாரும் திரும்பவில்லை. ‘மேலே குழியில்தான் இருக்கிறான்’ என்று அவர்களை நம்பவைத்தது ஷேருதானே! இப்போது அதன் குரலையே அவர்கள் கேட்கவில்லை.

“குரைத்தது போதும், தோண்டு!” என்றது நரி.

நாயும் நரியும் தலையோடு தலை முட்டத் தோண்டின. பனியில் ரத்தம் தெறித்தது.

தன்சிங் தற்செயலாகத் திரும்பினான். நரியைக் கடிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்று ஷேரு தோண்டுவதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“எல்லோரும் கீழே வாங்க! ஓடி வாங்க!”

கம்பியைக் குத்தினார்கள். மூன்றாவது குத்தில் கம்பி மெத்தென்று எதிலோ பட்டது. வெறி பிடித்தவர்கள் மாதிரி தோண்டினார்கள். பிஷன் மரத்தின் வேரோடு ஒட்டிக் கிடந்தான். கையில், வேரைத் தட்டிய கொடிக்கம்பு. உதடு நீலம். மூச்சு இல்லை.

தன்சிங் அவன் மார்பை அழுத்தினான். வாயில் ஊதினான். மறுபடியும் அழுத்தினான். ஷேரு கண்ணை மூடிக்கொண்டது.

கடைசியில் பிஷன் ஒருமுறை இருமினான்.

அவன் பிழைத்துவிட்டான். ஆனால் ஒரு மாதம்வரை தன் மகளின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. மூச்சு நின்றிருந்த நேரம் அதிகம் என்றார் டாக்டர். அந்தச் சின்னப் பெண் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து, “நான் யார் சொல்லுங்கப்பா” என்று கேட்பாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஷேரு வாசலில் படுத்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஊரார் ஷேருவுக்கு மாலை போட்டார்கள். “என்ன மூக்கு! என்ன மூக்கு!” என்று காகம் பாடியது.

“வாயை மூடு!” என்றது ஷேரு. மாலையை உதறிவிட்டுக் காட்டோரத்துக்கு நடந்தது.

நரி காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது.

“கையுறை கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது,” என்றது ஷேரு. “தெரிந்தும்தான் அங்கேயே நின்று குரைத்தேன்.”

“எனக்கும் தெரியும்,” என்றது நரி. “குரைக்கும்போது உன் வால் தொங்கிப்போயிருந்தது.”

ஷேரு தலையைக் குனிந்துகொண்டது.

தன் தவறு தெரிந்த பிறகும் அதை ஒப்புக்கொள்ளாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், ஒரு பாவமும் அறியாத இன்னொருவர்தான் விலை கொடுக்கிறார்.