உலக்கையை நிறுத்தியவள்

கேளுங்கள். ஏரி கட்டிய புகழ் அரசனுக்கு, சுண்ணாம்பு இடித்த கொப்புளம் பெண்களுக்கு என்று பங்கு பிரித்திருந்த பழங்காலத்தில், ஓர் அரசன் தன் ஏரிக்கு மதகு கட்டினான்.

முதல் மதகு உடைந்தது. இரண்டாம் மதகும் உடைந்தது. இருமுறையும் கீழூர்கள் மூழ்கின.

காரணம் சுண்ணாம்பு இடித்த பெண்களுக்குத் தெரியும். நீற்றும்போது தண்ணீர் போதாமல் பொடியாக உதிராத, அதாவது நீறாத கட்டி ஒன்று சாந்தில் தங்கினாலும், சுவருக்குள் அது ஈரம் குடித்து ஊதும். ஊதிச் சுவரைப் பிளக்கும். கட்டியைக் கண்டவர்கள் உண்டு. சொன்னவர் இல்லை. சொன்னவளின் கூலியைக் கண்காணி கொற்றன் அறுத்துவிடுவான்.

இடிப்பவர்களில் ஒருத்தியான பேராயி அரசன்முன் சென்று நின்றாள். "இந்தத் தடவை வேலையை எங்ககிட்ட விடுங்க, மகாராசா."

கொற்றன் தன் கண்காணிக் கோலைத் தட்டிச் சிரித்தான். "உலக்கை பிடிச்ச கை கோல் பிடிக்குமா?"

"கோல் பிடிச்ச கை கட்டின லட்சணத்தைத்தான் கீழூரே நீந்திப் பார்த்துச்சே."

அரசன் இசைந்தான், நிபந்தனையும் விதித்தான். ஐப்பசி பிறக்குமுன் மதகு முடியாவிட்டால், அவளும் அவளோடு இடிப்பவர்களும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

பேராயி ஒரே ஒரு விதி வைத்தாள். "கட்டியைப் பார்த்தவ 'நில்லு'ன்னு சொல்லணும். சொன்னா எல்லா உலக்கையும் நிக்கணும். அது யார் நீத்துன சுண்ணாம்பா இருந்தாலும் சரி."

விதி வைப்பது எளிது. வைத்தவளின் தலையிலேயே அது விழும்போது தாங்குவதுதான் அரிது.

புரட்டாசியின் கடைசி நாள். அரசன் கரையில் நின்றான். மூன்று உரல்களில் உலக்கைகள் விழுந்தன. உச்சி வரிசைக்கு மட்டுமே சாந்து வேண்டும். அப்போது, புதிதாக வேலைக்கு வந்த தாழை நடு உரலில் குனிந்து, "நில்லு" என்றாள்.

உலக்கைகள் நின்றன.

"என்ன புள்ள?" என்றாள் பேராயி.

"கட்டி இருக்குதுக்கா." தாழையின் குரல் இறங்கியது. "நீங்க நீத்துனதுதான்."

கொற்றன் கைதட்டினான். "தலைவியம்மா ஆக்குன சோத்துலயே கல்லா! பொழுது போகுது, பூசி மறைச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

பேராயி உரலுக்குள் கையை விட்டாள். கட்டி அகப்பட்டது. சாயும் பொழுதைப் பார்த்தாள். தன்னை நம்பி வந்த பெண்களைப் பார்த்தாள்.

"தப்பு என்னுது. அவசரத்துல தண்ணியைக் குறைச்சு ஊத்திட்டேன்," என்று அரசன் காதிலும் விழச் சொன்னாள். "கொட்டுங்கடி!"

கொட்டினார்கள். மற்ற இரு உரல்காரிகளும் சுண்ணாம்பு நீற்றும் தங்கள் குழிகளிலிருந்து நன்கு நீறிய சுண்ணாம்பை அள்ளிவந்தார்கள். ஒருத்தி மணல் சலித்தாள். ஒருத்தி கடுக்காய் நீர் வார்த்தாள். தாழை உலக்கை பிடித்தாள். கதிரவன் விழுமுன் கடைசிக் கல் அமர்ந்தது.

அடைமழை வந்தது. ஏரி தளும்பியது. மதகு அசையவில்லை; கீழூர்கள் அச்சமின்றி உறங்கின.

அரசன் கொற்றனின் கோலை வாங்கிப் பேராயியிடம் தந்தான். அவள் அதைத் தாழையிடம் நீட்டினாள். "சுண்ணாம்புக் குழி கிளற நல்ல கம்பு. என் குழியை முதல்ல கிளறு."

தன் தவற்றைச் சுட்டும் குரலுக்குத் தலைமை செவிசாய்க்கும் இடத்தில்தான், பலர் கூடிச் செய்யும் வேலை உடையாமல் நிற்கும்.