ஆழியாறு ஏற்றத்தில் இரண்டு வண்டிகள்

பொள்ளாச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மருதாசலம் தன் மனைவிக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தார். இந்தப் புதிர் அதிலிருந்துதான் முளைத்தது.

மனைவி சுலோசனாவுக்கு வால்பாறையில் ஆசிரியை வேலை. வாரக் கடைசியில் இறங்கி வருவாள். திங்கட்கிழமை விடிந்ததும் தானே காரை ஓட்டிக்கொண்டு மலையேறுவாள். போன ஐப்பசியில் பழைய கார் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. எங்கும் மூடுபனி. செல்போனில் சிக்னல் இல்லை. யானைக் கூட்டம் சாலையைக் கடந்து போகும்வரை கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்ட மருதாசலத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"மருதமலையான் மேல சத்தியம் சுலோ. இனி நடுவழியில நிக்காத வண்டியாத்தான் உனக்கு வாங்குவேன்."

புது வண்டிக்குக் கை எட்டவில்லை. ஏற்றத்தில் திணறாமல் இழுக்கிற பழைய செடான்கள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. ஒன்று கறுப்பு, டர்போ எஞ்சின், அசுர வேகம். மற்றது வெள்ளை. வேகம் ஒரு படி குறைவு என்றாலும் காலை வாராத ரகம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் வெள்ளையைப் பார்க்கப் போனார்கள். வைத்திருந்தவன் கதிரவன், வீடு கட்டிக் கொடுக்கும் இளைஞன். போர்ட்டிகோ நிழலில், கழுவித் துடைத்து, வண்டி பளபளவென்று நின்றது.

"நேத்து சாயங்காலம் நிறுத்தினதுங்கண்ணா. இன்னும் எடுக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாவி எடுக்க உள்ளே போனான். சுலோசனா பானெட்டின் மேல் கைவைத்துச் சாய்ந்தாள். சட்டென்று கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். தூசி போலும் என்று மருதாசலம் நினைத்தார்.

ஒரே திருப்பில் எஞ்சின் உயிர் பெற்றது. கதிரவன் சிரித்தான். "வாங்கி நாலு வருசமாச்சுங்கக்கா. பானெட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்ல. இந்த வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்ல."

ஆழியாறு ஏற்றம்வரை ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னபடி கேட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கறுப்பு வண்டி பல் டாக்டர் பிரான்சிஸுடையது. வயதாகிப் பார்வை மங்கியதால் விற்கிறார். அவர் எடுத்த எடுப்பிலேயே, "இது என்னை ஒருக்கா நடுரோட்டுல நிறுத்திருச்சுங்க" என்றார். மருதாசலத்தின் முகம் விழுந்துவிட்டது.

"டர்போவுக்குக் காத்துப் போற ரப்பர் குழாய் வெடிச்சிருச்சு. மாத்தியாச்சு. மாசம் ஒருக்கா அமுக்கிப் பார்த்துக்கோணும். கை குடுங்க அம்மணி." பானெட்டுக்குள் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "இப்படிக் கெட்டியா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். மெத்துமெத்துன்னு இருந்தா மாத்திருங்க."

சுலோசனா ஓட்டினாள். டாக்டர் பக்கத்தில், மருதாசலம் பின்னால். ஏற்றத்தில் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே சாலை நேராக, காலியாக இருந்தது.

"வலிக்காது அம்மணி, தைரியமா மிதிங்க" என்றார் டாக்டர்.

மிதித்தாள். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, மலையே கைநீட்டி அவர்களைத் தன் பக்கம் வாரி எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. மருதாசலத்தின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. லாரி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல், அவ்வளவுதான். இத்தனை பலத்தையும் இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தது? கண்ணாடியில் சுலோசனாவின் கண்கள் தெரிந்தன. பயம் இல்லை, சிரிப்பும் இல்லை. கோயில் கதவு திறக்கும்போது மட்டும் அவர் பார்த்திருந்த கண்கள். அவளையும் இன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் மருதாசலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒதுங்கி நின்றதும் சாவியைத் திருப்பப் போனாள். டாக்டர் தடுத்தார்.

"இருங்க. ஓடி வந்த ஆளை உடனே படுக்க வைக்கலாமா? டர்போ கொதிச்சுக் கிடக்கும். கொஞ்சம் சும்மா ஓடட்டும், அப்புறம் அணைக்கலாம்."

"எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"எப்பவும்தான். இதுக்காகவே எம் பொஞ்சாதி என்கூட வர்றதை விட்டுட்டா."

கீழே அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. மூவரும் எஞ்சின் ஓட ஓட அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பிய பிறகும் மருதாசலத்துக்கு அந்த உறுமலே காதில் கேட்டது. கறுப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் அவரைப் பயமுறுத்தியது. பிடித்துப்போன ஒன்றுக்குக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்? மலையேறப் போகிறவள் அவள். என் ஆசைக்கு அவள் உயிரா பணயம்?

"வெள்ளையவே எடுத்துக்கலாம்" என்றார்.

"கறுப்பு" என்றாள் சுலோசனா.

"எனக்காகச் சொல்லாதே."

"உங்களுக்காகன்னா வெள்ளைன்னுல்ல சொல்லோணும்? நீங்கதானே வெள்ளைன்னீங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன் சுலோ."

"மலையேறப் போறது நானா, உங்க சத்தியமா?"

கதையைக் கேட்டவர்களே, சொல்லுங்கள். தன் ஆசையை நம்பாமல் வெள்ளையைச் சொன்னார் கணவர். ஒருமுறை நின்ற வண்டி என்று தெரிந்தும் கறுப்பைச் சொன்னாள் மனைவி. இருவரில் யார் சொன்னது சரி?

விடை: சுலோசனா சொன்னதே சரி. இரவெல்லாம் நிழலில் நின்றதாகச் சொன்ன வண்டியின் பானெட் அவள் கையில் சுட்டது. அவர்கள் வருமுன்பே கதிரவன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுத்துச் செய்யும் முரண்டை மறைக்க வேறு வழியில்லை. நாலு வருடம் பானெட்டைத் திறக்காதவனின் வண்டி எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. டாக்டரோ தன் வண்டி நின்றதையும் மறைக்கவில்லை, ஒருநாளும் அதைக் கொதிக்கக் கொதிக்க அணைக்கவும் இல்லை. மருதாசலமும் எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததில் வண்டியைச் சந்தேகப்பட மறந்துபோனார். நிற்காத வண்டி என்று உலகத்தில் ஒன்றுமில்லை. கறுப்பும் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு எங்கே விரலை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை சுலோசனா மலையிறங்கிக் கறுப்பு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மருதாசலம் வெளியே வந்து, அது அணையும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.