குச்சி என்று பேர் வாங்கிய முருங்கை

குளக்கரைக் காட்டில் ஒரு விநோத வழக்கம் இருந்தது. எது மரம், எது மரமில்லை என்பதைக் குரங்குகள்தான் தீர்மானிக்கும். ஆடிக்கு ஆடி கூட்டமாக வந்து ஒவ்வொரு கிளையிலும் குதித்துப் பார்க்கும். கிளை தாங்கினால், "இது மரம்!" என்று கூவும். ஒடிந்தால், "இது குச்சி!" என்று காறித் துப்பிவிட்டுப் போகும்.

கரையோரத்து முருங்கை வருஷா வருஷம் ஒடிந்தது. வருஷா வருஷம் துளிர்த்தது. ஆனாலும் அதன் பேர் குச்சிதான். குச்சியின் தழையைத் தின்பது கௌரவக் குறைச்சல் என்று காடே நினைத்தது.

அந்தக் குச்சியின் நிழலில்தான் மயிலை என்ற வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருந்தது. கடுங்கோடை. புல் கருகிவிட்டது. மயிலையின் மடியும் வற்றிவிட்டது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, கத்தக்கூடத் தெம்பில்லாமல் அடிமரத்தை ஒட்டிச் சுருண்டு படுத்தன.

மேலே பொந்திலிருந்து மின்னி என்ற அணில் எட்டிப் பார்த்தது. அதுவும் பிள்ளைக்காரிதான்.

"மயிலையக்கா! இந்தத் தழையைத் தின்னுங்க. ரத்தம் ஊறும், எலும்பு இறுகும், பால் பெருகும்! நான் பூவும் கொழுந்துமாத் தின்னு வளர்த்த பிள்ளைகளைப் பாருங்க. ஒவ்வொண்ணும் பூசணிப் பிஞ்சு மாதிரி!"

"சீ! குச்சித் தழையையா? கம்பளிப்பூச்சி இருக்குமே!"

"மழைக்காலத்துப் பூச்சியை வெயில்காலத்துல தேடுறீங்களே!"

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க, மின்னி?"

அணில் தலையில் அடித்துக்கொண்டது.

அப்போது நரி வைத்தியர் வந்தார். காதில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகியிருந்தார். அவர் படித்த வைத்தியம் அவ்வளவுதான். குட்டிகளின் நாடியைப் பிடித்தார். பிறகு தொடையையும் அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல சதை... அதாவது, நல்ல வேளை! உயிர் இருக்கு. மொட்டைமலை உச்சியில பால்வேர்னு ஒண்ணு இருக்கு. தாயே போய்ப் பறிக்கணும். குட்டிகளை நான் பார்த்துக்கிறேன்."

"கூடவே கூட்டிட்டுப் போகட்டுமா, வைத்தியரே?"

"கூடவே கூடாது! குட்டியோட மூச்சு பட்டா வேர் கருகிடும்!"

மலை உச்சி மருந்து என்றதும் மயிலைக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. தலைக்கு மேலே தொங்கிய தழைக்கு அந்த மதிப்பு இல்லை. கிளம்பிவிட்டது.

பாதை வளைவில் மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தது. வைத்தியர் வேப்பங்கொத்தைத் தூர எறிந்துவிட்டார். நாக்கு வாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அடியாகக் குட்டிகளை நெருங்கினார்.

"ஐயோ, என் குட்டிங்க!" மயிலை அலறியது. ஓடி வரலாம் என்றால் தூரம் அதிகம்.

மின்னி உச்சாணிக்கு ஏறி, குரங்குகள் குடியிருந்த ஆலமரத்துப் பக்கம் கத்தியது. "ஏ குரங்குகளே! இனிமே முருங்கை ஒடியாதாம்! உங்களுக்குக் குதிக்கத் தெம்பில்லையாம்! கீழே நிக்கிற வைத்தியர் சொல்றார்!"

ஆலமரம் கிடுகிடுத்தது. "எவன் சொன்னான்?" என்று தலைவன் குரங்கு பாய்ந்தது. பின்னாலேயே கூட்டம் முழுக்கப் பாய்ந்து ஒரே கிளையில் உட்கார்ந்தது.

"தாங்குதா?"

"தாங்..."

மடார்!

கிளை, தழை, பூ, காய், குரங்கு எல்லாம் மொத்தமாக வைத்தியர் முதுகில் இறங்கின. ஒதுங்கிக் கிடந்த குட்டிகள்மேல் ஒரே ஒரு பூ விழுந்தது.

"குச்சி! குச்சி!" என்று குரங்குகள் கும்மாளம் போட்டன.

"யாராவது நல்ல வைத்தியரைக் கூப்பிடுங்க!" என்று தழைக்குள்ளிருந்து ஒரு குரல் அழுதது. பிறகு ஒரு வால் வெளியே வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் மொட்டைமலைப் பக்கம் ஓடினார். பால்வேர் தேடத்தான் போயிருப்பார்.

மயிலை மூச்சிரைக்க வந்து குட்டிகளை நக்கிக் கொடுத்தது. தலைக்கு மேலே தொங்கிய தழை இப்போது வாய்க்கு நேரே கிடந்தது. சுற்றிலும் அத்தனை குரங்குகள். குட்டிகளை ஒருமுறை பார்த்தது.

"நாலு பேர் என்ன, நாடே பார்க்கட்டும்!" என்று காம்போடு மென்றது.

நாளாக ஆக மடி கனத்தது. குட்டிகள் தலைவன் குரங்கின் முதுகிலேயே ஏறிக் குதிக்கத் தொடங்கின. அதுவும் சும்மா ருசி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தினம் ஒரு பிடி தழை பறித்தது.

ஆடி வந்தது. ஒடிந்த இடத்தில் குப்பென்று துளிர். குரங்குத் தலைவன் முருங்கையை அண்ணாந்து பார்த்தது. "இது மரம்!" என்றது.

"குதிக்காமலே சொல்லிட்டீங்களே, மாமா?" என்றது மின்னி.

"போடி! வயிறு முட்டத் தின்னாச்சு. எங்கேயிருந்து குதிக்கிறது!"

ஊரார் பேச்சைக் கேட்டுப் பக்கத்தில் இருக்கும் மருந்தை இகழ்பவர், எட்டாத மலையில் தேடி உள்ளதையும் இழப்பார்.