அறுந்த ஜெபமாலை

உப்பளங்களைத் தாண்டி, கடற்கரைச் சாலை வளையும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருந்தது. பாஸ்டர் எசேக்கியா அதை இருபது வருடமாக நடத்திவந்தார். அவருக்கு ஐம்பது வயதுதான். பார்த்தால் அறுபது சொல்லலாம்.

அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் மூத்தவர் யோசேப்பு. துறைமுகத்தில் கிழிந்த வலைகளைப் பின்னிக்கொடுப்பவர். பாஸ்டரைவிட எட்டு வயது பெரியவர் என்றாலும், வேதத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவர் முன்னால் கைகட்டி வந்து நிற்பார். பாஸ்டர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கத்தோலிக்கராக இருந்தபோது யோசேப்பின் பெயர் சூசை. இரண்டும் ஒரே பெயர்தான். அந்தக் கோயிலில் அப்படிச் சொல்வார்கள், இந்தச் சபையில் இப்படிச் சொல்வார்கள். ஆனாலும் பழைய பெயரில் யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. "சட்டையைத் திருப்பிப் போட்டுட்டுப் புதுச் சட்டைங்கான்" என்று துறைமுகத்தில் கேலி பேசுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் ஜெபவீட்டுக்கு வந்தார்.

"பாஸ்டர், அக்காவுக்கு நாளைக் கழிச்சு ஆபரேஷன். வயித்துல கட்டி. பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"போய்ப் பார்த்தீங்களா?"

"போனேன். வாசலோட நிறுத்திட்டா. ஏழு வருஷமா அந்த வாசலைத் தாண்டினதில்ல."

அம்மா இறந்தபோது யோசேப்புக்கு ஆறு வயது. அக்கா பிரகாசியம்மாளுக்குப் பதினைந்து. அவள்தான் மீன் விற்று அவரை வளர்த்தாள்.

"நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். அவ மனசு மாறும்."

பாஸ்டர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அன்று காலையிலிருந்து அவருக்கு வலி.

"உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி? அவங்க மாறணுமா? இல்ல, உங்களை உள்ள கூப்பிடணுமா?"

யோசேப்பு வெளியே பார்த்தார். உப்பளத்து வெயிலில் கண் கூசியது.

"அவ பக்கத்துல ஒரு தடவை உக்காரணும். அவ்வளவுதான்."

"அப்போ மரியாதையா போகணும்."

"அதுதான் எனக்குப் பிடிபடல. அவ மாதாவைக் கும்பிடுறது தப்புன்னு எனக்குத் தெரியுது. தப்புன்னு தெரிஞ்சதை எப்படி மதிக்கிறது? மதிச்சா நான் விசுவாசத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிடாதா?"

பாஸ்டர் எழுந்துபோய், மேடைக்குப் பின்னால் இருந்த மர அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தார். அதைப் பாயில் கவிழ்த்தார். பழுப்பு நிற மர மணிகள் சிதறின. கூடவே, சிலுவையில் இயேசு தொங்கும் ஒரு சிறிய பாடுபட்ட சுரூபம் விழுந்தது.

யோசேப்பு சட்டெனப் பின்னால் நகர்ந்தார்.

அது அம்மாவின் ஜெபமாலை. சாகும்போது அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஏழு வருடத்துக்கு முன், இந்தச் சபையில் சேர்ந்து சாட்சி சொன்ன நாளில், அக்கா வீட்டு ஆணியிலிருந்து யோசேப்பு அதைக் கேட்காமல் எடுத்துவந்தார். இதே ஜெபவீட்டில், எல்லார் முன்னாலும், இரண்டு கையாலும் இழுத்து அறுத்தார். மணிகள் நாலாபுறமும் ஓடின. கூட்டம் கைதட்டியது.

"இது எப்படி உங்ககிட்ட?"

"அன்னைக்கு நானும்தான் அல்லேலூயான்னு கத்தினேன். நீங்கல்லாம் போனபிறகு பெருக்கினது யாரு?"

யோசேப்பு தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு தடவை கோத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. வரல. வரிசைக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கோயில்ல போய்க் கேட்க வெட்கமா இருந்துச்சு. இங்க ஐம்பத்தாறு இருக்கு. மொத்தம் எத்தனை?"

"ஐம்பத்தொன்பது." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"அப்போ மூணு தொலைஞ்சுபோச்சு."

பாஸ்டர் மடியிலிருந்து தூண்டில் நரம்புச் சுருள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். யோசேப்பு அதைத் தொடவில்லை.

"நான் இதைக் கோக்கலாமா பாஸ்டர்? பாவமில்லையா?"

"இந்த மணி யாரோடது?"

"அக்காவோடது."

"உங்களோடது இல்லையே?"

"இல்ல."

"பிறகென்ன. கோத்துக் கொடுங்க."

யோசேப்பு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணியாகத் துடைத்து அவர் கையில் வைத்தார். பத்துச் சின்ன மணி, பிறகு ஒரு பெரிய மணி. விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சிறுவயதில் அக்கா மடியில் உட்கார்ந்து இந்த மணிகளைத்தான் அவர் எண்ணப் படித்தார். அதை அவர் பாஸ்டரிடம் சொல்லவில்லை.

மணி இல்லாத மூன்று இடங்களில் வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டார். கடைசியில் சுரூபத்தைக் கட்டும்போது கை நின்றது. பாஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல அடுத்த மணியைத் தேடினார். மணி எதுவும் மிச்சமில்லை. யோசேப்பு கட்டி முடித்தார்.

வெயில் தாழ்ந்தபின் இருவரும் நடந்தார்கள். பாஸ்டருக்கு முழங்கால் மடங்கவில்லை. இரண்டு இடத்தில் நின்று போனார்கள்.

கதவு திறந்திருந்தது. பிரகாசியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எதுக்குல வந்திருக்க? ஞானஸ்நானம்னு தொட்டித் தண்ணியில என்னையும் முக்கவா?"

யோசேப்பு வாசலில் நின்றுவிட்டார். பாஸ்டர்தான் பேசினார்.

"அம்மா, நான் எசேக்கியா."

"தெரியும். தினமும் ஒலிபெருக்கியில கேக்கேனே. உம்ம சத்தத்துல என் கோழி முட்டை போடுறதை நிறுத்திட்டு."

"குறைச்சுக்கிடுதேன்மா."

"இருவது வருஷம் கழிச்சா?"

யோசேப்பு சட்டைப் பையில் கைவிட்டு ஜெபமாலையை எடுத்து, வாசலைத் தாண்டாமலே நீட்டினார்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அங்கன நின்னா என் கை எட்டுமா?"

அவர் உள்ளே போய்க் கொடுத்தார். அவள் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்னது?"

"மூணு மணி கெடைக்கல அக்கா. முடிச்சுப் போட்டிருக்கேன்."

"யாரு கோத்தா?"

"நான்தான்."

அவள் பாஸ்டரைப் பார்த்தாள். "இவன் கோக்குறதை நீரு பாத்துக்கிட்டா இருந்தீரு?"

"மணி எடுத்துக் கொடுத்தேன்மா."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என் மக மெற்றில்டா கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு இல்ல."

"தெரியும் அக்கா." அந்தப் பத்திரிகையை யோசேப்பு துறைமுகத்தில் அடுத்தவர் கையில்தான் பார்த்திருந்தார்.

"எழுதிக்கொடுத்ததுல இருந்துச்சு. அச்சுக்குப் போறப்ப நான்தான் கோடு போட்டு அடிச்சேன்."

அவள் பாஸ்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்:

"சூசை, அந்த நாற்காலியை பாஸ்டருக்கு இழுத்துப் போடு. மனுசன் நிக்கமுடியாம நிக்காரு."

யோசேப்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். தானும் கட்டிலின் கால்மாட்டில், அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஜெபமாலை சொல்லப் போறேன்" என்றாள் பிரகாசியம்மாள். "முடியிற வரைக்கும் இருக்கிறதுன்னா இருங்க. அதுக்குப் பிறகு உங்க ஜெபத்தைச் சொல்லுங்க, கேக்கேன். நடுவுல யாரும் பேசக்கூடாது."

"சரிம்மா" என்றார் பாஸ்டர்.

அவள் தொடங்கினாள். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜெபம் சொல்ல நேரம் பிடித்தது. முதல் பத்து முடிந்தது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியது. இரண்டாவது பத்தும் முடிந்தது. யோசேப்பு உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். இந்த ஜெபத்துக்கு நடுவே, வாயைத் திறக்காமல், சும்மா உட்கார்ந்திருப்பது வலை இழுப்பதைவிடப் பாரமாக இருந்தது. மெல்லச் சாய்ந்து பாஸ்டரின் காதருகே சொன்னார்:

"இன்னும் மூணு பத்து இருக்கு பாஸ்டர். இப்படியே எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

பாஸ்டர் வலிக்கும் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"அன்னைக்கு அறுக்க எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?"

யோசேப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவின் விரல் ஒரு முடிச்சில் வந்து நின்றது. மணியில் நின்ற அளவு நேரம் அதிலும் நின்றது.