முதல் ஓடு

"தோத்த அன்னிக்கு உங்களுக்குத் தூக்கம் வந்ததாம்மா?"

வந்ததும் வராததுமாகத் தேவநாயகம் கேட்ட கேள்வி இது. செருப்பைக்கூட ஒரு காலில்தான் கழற்றியிருந்தார்.

உமையம்மை மடத்து அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு வாங்க."

சரியான ஆளைத்தான் கேட்டார் தேவநாயகம். மருதநாட்டில் ஆளுநராக இருந்து, தேர்தலில் தோற்று, இன்னும் தெம்பாக நடமாடுகிறவர் உமையம்மை ஒருவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரைத் தோற்கடித்ததே இந்தத் தேவநாயகம்தான்.

அதற்கப்புறம் தேவநாயகம் இரண்டு தடவை ஆளுநர். மடத்துத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் மாலை அனுப்புவார். வந்ததில்லை. நேரம் எங்கே இருந்தது, பாவம்.

இப்போது நேரம் இருந்தது. மூன்றாவது தடவை நின்று, காளத்தி என்கிற தோணித்துறைக்காரனிடம் ஒரு கூடை ஓட்டில் தோற்றுப்போயிருந்தார்.

ஒரு கூடை ஓடு என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் நின்று தலையைச் சொறிவீர்கள்.

நாம் ஓட்டுப் போடுகிறோம் என்று வாயால் சொல்கிறோம். மருதநாட்டில் நிஜமாகவே ஓடுதான் போடுவார்கள். கூரைக்கு வேய்கிற ஓடு.

பதினெட்டு வயசு முடிந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பண்ணையாருக்கும் ஒன்றுதான், அவர் பண்ணையில் உழுகிறவனுக்கும் ஒன்றுதான். தட்டி மறைவுக்குப் போய், ஓட்டின் அடிப்பக்கத்தில் தனக்குப் பிடித்தவரின் சின்னத்தை ஆணியால் கீறி, கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். தன் பேரைப் போடக் கூடாது. எண்ணுவது பட்டப்பகலில், ஊர்ப் பொட்டலில், வேற்றூர்க்காரர்கள் வந்து எண்ணுவார்கள். யாருக்கு அதிகமோ, ஒரே ஒரு கூடை நிறைய ஓடு கூடுதல் என்றாலும் சரி, அவர் நாலு வருஷத்துக்கு ஆளுநர்.

எண்ணின ஓட்டை வீசிவிடுவதில்லை. தேர்தல் என்று பறை அடித்த அன்றே, பழசாகிப்போன பொதுக் கட்டடம் ஒன்றின் கூரையைப் பிரித்துப்போட்டுவிடுவார்கள். ஜெயித்தவர் ஓடு, தோற்றவர் ஓடு எல்லாவற்றையும் கலந்துகட்டி அந்தக் கூரையை வேய்வார்கள்.

வேய்வதற்கு ஒரு முறை உண்டு. தோற்றவர் கீழே நின்று முதல் ஓட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் ஏணியில் நின்று வாங்கி வைக்க வேண்டும். அந்த ஓடு கூரையில் உட்கார்ந்தால்தான் புது ஆளுநர் நாற்காலியில் உட்காரலாம்.

தோற்றவர் கையைக் கட்டிக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்று நின்றால்?

அதற்கு மட்டும் முன்னோர்கள் வழி சொல்லவில்லை. அப்படியும் ஒரு ஜென்மம் பிறக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்தச் சட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அதுதான்.

விடிந்தால் ஓடு கொடுக்கிற நாள்.

தேவநாயகம் இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அடுப்படியை ஒட்டின நீளக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வரிசையாகப் பாய்கள். காய்ச்சல்காரர்கள், கால் முறிந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள்.

"என்னம்மா இது?"

"இந்தத் தடவை பிரிச்சது வைத்தியசாலைக் கூரை. மறந்துட்டீங்களா? நீங்கதானே உத்தரவு போட்டீங்க."

போட்டவர் அவர்தான். அப்போது, நாமே ஜெயித்து நாமே வேயப்போகிறோம் என்ற நினைப்பு.

"அந்தப் பாயைக் கொஞ்சம் சுவரோரமா இழுங்க" என்றார் அம்மை. "கஞ்சிப் பானை வரணும்."

இழுத்தார். எட்டு வருஷமாகப் பாய் இழுத்திராத கை. பாயில் பிள்ளை பெற்ற ஒருத்தி படுத்திருந்தாள். தலைப்பாகை இல்லாத ஆளுநரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, நாளைக்குக் கூரை வேய்ஞ்சுடுவாங்களா?" என்று கேட்டாள். "இங்கே நெருக்கமா இருக்கு. பிள்ளை முழிச்சுக்கிட்டே இருக்கான்."

தேவநாயகம் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டார். என்ன சொல்வார்? அதைத் தீர்மானிக்க முடியாமல்தானே வந்திருந்தார்.

அடுப்படிக்குத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வாய்க்கால் வெட்டினேன். வரியைக் குறைச்சேன். பள்ளிக்கூடம் இல்லாத ஊர் இல்லைன்னு ஆக்கினேன். ஒரு கூடை ஓட்டுல கவிழ்த்துட்டாங்க. நன்றி கெட்ட ஜனம்மா."

அம்மை கஞ்சியில் உப்புப் போட்டார்.

"காளத்தியோட ஆளுங்க கள்ள ஓடு கலந்துட்டாங்கன்னு பேச்சு இருக்கு."

"ரெண்டு தடவை எண்ணினாங்களே."

"எண்ணினாங்க. இருந்தாலும் பேச்சு இருக்கு."

"கள்ள ஓடு அவசரத்துல சுட்டது. முதல் மழைக்கே ஒழுகிக் காட்டிக்கொடுத்துடும். வேய்ஞ்சு பார்த்தாத்தானே தெரியும்?"



அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டா வரும். கூரைமேல் சடசடவென்று இறங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். தேவநாயகமும் பார்த்தார்.

ஒரு சொட்டு இறங்கவில்லை.

"நல்லா வேய்ஞ்சிருக்கே" என்றார், தன்னை அறியாமல்.

"நீங்க வேய்ஞ்சதுதான்" என்றார் அம்மை. "நீங்க முதல் தடவை ஜெயிச்சப்போ மடத்துக் கூரையைத்தானே பிரிச்சிருந்தோம். நான் தோத்த ஓட்டுக்குக் கீழேயே வந்து பாயைப் போட்டுக்கிட்டேன்."

தேவநாயகத்துக்கு ஒரு ஆசை வந்தது. சின்னப்பிள்ளை ஆசைதான். அந்தத் தேர்தலில் அவர் சின்னம் கலப்பை, அம்மையின் சின்னம் விளக்கு. அடிப்பக்கம் உள்ளே பார்க்க வேய்ந்த ஓடு. கீறல் இருக்குமே. கழுத்து வலிக்க வலிக்கத் தேடினார்.

ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருஷத்து அடுப்புப் புகை. அத்தனை ஓடும் அண்டங்காக்காய் நிறத்தில் இருந்தது.

"இதுல எனக்கு விழுந்த ஓடு எதும்மா?"

"துடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஏணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

மழை இன்னும் வலுத்தது. தேவநாயகம் ஏணி கேட்கவில்லை.

அம்மை அகப்பையைப் பானையில் சாய்த்து வைத்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மடத்து முன்பந்தலில் ஒரு ஆள் குதிரையைப் பிடித்தபடி ஒண்டி நின்றிருந்தார்.

"வெளியில நிக்கிறது படைத் தளவாய் வீரசிங்கமா?"

"ஆமா. என்கூடத்தான் வந்தார்."

"மீசைக்கு இன்னும் எண்ணெய் போடுறாரா?"

"போடுறார்."

"கோட்டைக்குள்ள முந்நூறு வேல் இருக்கு, நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன், அப்படின்னாரா?"

தேவநாயகம் ஒரு எட்டுப் பின்வாங்கினார். அந்தப் பேச்சு நடந்தபோது அறையில் அவரையும் தளவாயையும் தவிர ஈ காக்காய் இல்லை.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்கிட்ட இருநூறுன்னார்" என்றார் அம்மை. "எட்டு வருஷத்துல நூறு கூடியிருக்கு. நல்லாத்தான் ஆண்டிருக்கீங்க."

பானையில் கஞ்சி தளதளத்தது. தேவநாயகம் அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எட்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஓடு வைத்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாலை, மேளம், ஏணி. ஏணியில் ஏறினபோது வேட்டி தடுக்கினது. கீழேயிருந்து ஒரு ஓடு மேலே வந்தது. வாங்கி வைத்தார். ஊர் ஆர்ப்பரித்தது. அந்த ஓடு யாரோ ஒருவர் கொடுத்து வந்தது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சூரியன் உதிக்கிற மாதிரி, அது பாட்டுக்கு வந்தது என்றே இருந்துவிட்டார்.

அந்த ஒரு ஓட்டுக்குமேல்தான் எட்டு வருஷமும் உட்கார்ந்திருந்தது. வெட்டின வாய்க்கால், கட்டின பள்ளிக்கூடம், ஆளுநர் மாளிகையில் நடந்த மகள் கல்யாணம், எல்லாம்.

"நீங்க அன்னிக்குக் கையைக் கட்டியிருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"கட்டணும்னுதான் இருந்துச்சு. கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். நான் வெட்டின குளத்துல தண்ணி குடிச்சிட்டு உங்க கலப்பையைக் கீறிட்டு வந்துட்டாங்களேன்னு."

"தளவாய்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்கன்னேன்."

"ஏம்மா?"

அம்மை கூரையைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

கூடத்தில் அந்தக் குழந்தை அழுது ஓய்ந்தது. தேவநாயகம் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கு நீங்க ஓடு எடுத்துக் கொடுத்தீங்கம்மா. நான் ஒரு வார்த்தை சொல்லலை. மாலை அனுப்பினேன், பெரிய மாலை. இப்போ சொல்றேன். உங்களுக்கு நான் கடமைப்பட்டவன்."

கும்பிட்டார். அம்மை அந்தக் கும்பிட்ட கையில் ஒரு கலயத்தை வைத்துக் கஞ்சி ஊற்றினார்.

"நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லலையே" என்றார். "தூக்கம் வரலை. கூரை வேய்ஞ்ச அன்னிக்குத்தான் வந்துச்சு."

தேவநாயகம் கலயத்தோடு வாசலுக்குப் போனார். தளவாய் வீரசிங்கம் மழையில் பாதி நனைந்து, மீசை தொங்க நின்றிருந்தார்.

"என்ன முடிவுங்க?" என்று கேட்டார் தளவாய். "ஆளெல்லாம் தயார். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கஞ்சி இருக்கு" என்றார் தேவநாயகம். "குடிச்சிட்டுப் போங்க."

தளவாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசிக்கிற பார்வை. அப்புறம் குதிரையைப் பந்தல்காலில் கட்டிவிட்டு உள்ளே வந்து இரண்டு கலயம் குடித்தார். அது வேறு விஷயம்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. வைத்தியசாலை முன்னால் ஊரே கூடியிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே கணுக்கால் அளவுக்குத் தேங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் தேவநாயகத்துக்கு, பாயில் படுத்திருந்தவள் கேட்டது காதில் கேட்டது.

காளத்தி ஏணியில் ஏறினான். அவனுக்கும் வேட்டி தடுக்கியது. ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டவர் யார் என்கிறீர்கள்? தளவாய் வீரசிங்கம்தான். மீசைக்குப் புதுசாக எண்ணெய் போட்டிருந்தார்.

ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் தேவநாயகம் நின்றார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தது. அவர் இன்னும் கையைக் கட்டவும் இல்லை, நீட்டவும் இல்லை. ஏணியில் நின்றவன் முகம் வெளிறிவிட்டது.

தேவநாயகம் குனிந்து ஒரு ஓட்டை எடுத்தார். எந்தச் சின்னம் என்று திருப்பிப் பார்க்க வேண்டும் போல விரல் துறுதுறுத்தது. பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மேலே தூக்கிக் கொடுத்தார்.

காளத்தி வாங்கினான். வைத்தான். மேளம் முழங்கியது. மாலைகள் பறந்தன. ஊர் ஆர்ப்பரித்தது. காளத்தி நாலு பக்கமும் பார்த்துக் கும்பிட்டான், மேலே வானத்தைக்கூடக் கும்பிட்டான். கீழே பார்க்கவில்லை.

தேவநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு லேசாகிப்போன சிரிப்பு.

ஓடு கொடுக்கிற வரிசையில் அவருக்குப் பின்னால் உமையம்மை நின்றிருந்தார், கையில் அடுத்த ஓட்டோடு.

"பார்த்தீங்களாம்மா" என்றார் தேவநாயகம். "ஒரு வார்த்தை சொல்லலை."

அம்மை ஓட்டை அவர் கையில் கொடுத்தார்.

"சொல்லுவார். எட்டு வருஷம் ஆகும்."