செவலையின் தாடை

நாய்களுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், எல்லா நாய்க்கும் ஒரே முகம்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் செப்பும் மூடியும் மாதிரிப் பொருந்தி நிற்கும்.

ஆடு மேய்க்கும் மாடத்தியிடம் செவலை, மயிலை என்று அக்காளும் தங்கையுமாக இரண்டு நாய்கள் இருந்தன. செவலைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் சொல்லாவிட்டால் நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்று பாழுங்கிணற்றில் விழுந்து, உள்ளே தண்ணீருக்கு மேலே ஒரு திட்டில் நின்று கத்தியது. மாடத்தி கிணற்றோரம் நட்டிருந்த வேப்பங்கட்டையில் கயிற்றைக் கட்டி இறங்கினாள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி ஏறியிருப்பாள். செல்லரித்த கட்டை மளுக்கென்று முறிந்தது. கயிறு ஓடியது. செவலை பாய்ந்து அதைக் கவ்வி, கிணற்று விளிம்புக் கல்லில் கால்களை ஊன்றிக்கொண்டது.

“ஆளைக் கூட்டியாறேன், விட்டுராதக்கா!” என்று மயிலை ஆட்டுக்கிடையை நோக்கி ஓடியது.

கயிறு நாக்கை அறுத்தது. மயிலை போய்ச் சேர்ந்திருப்பாளா? வழியில் முயலைக் கண்டு நின்றுவிட்டாளா? செவலையால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

“ஏட்டி செவலை! மேலதான இருக்க?” கீழிருந்து மாடத்தி கேட்டாள்.

‘இருக்கேன்’ என்று சொல்ல வாய் துடித்தது. திறந்தால் மாடத்தி தண்ணீருக்குள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

“நாள் முழுக்க லொடலொடன்னு பேசுவ. இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?”

மாடத்தியின் குரல் உடைந்தது. “போயிட்டீகளா ரெண்டு பேரும்? கை மரத்துப் போச்சு. விட்டுரப் போறேன்.”

செவலை மேல்பல்லைக் கயிற்றில் பதித்தபடியே கீழ்த்தாடையை மட்டும் முன்னால் நீட்டி, எட்டின இடத்தைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தது. கயிறு அதிர்ந்தது.

“ஆத்தீ, இருக்கியா!” மாடத்தி பிடியை இறுக்கினாள்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கும்போதெல்லாம் செவலை தாடையை நீட்டி இழுத்தது. எலும்பு நறநறத்தது.

கடைசியில் ஆட்கள் ஓடிவந்தார்கள். மாடத்தியையும் குட்டியையும் தூக்கிவிட்ட பிறகுதான் செவலை வாயைத் திறந்தது. நீண்ட தாடை உள்ளே போகவில்லை.

“என்னக்கா, கீழ்ப்பல்லு வாசல்ல வந்து நிக்குது?” என்றது மயிலை.

“ஒம் மூஞ்சி மட்டும் ஏன் அகப்பைக் காம்பாட்டம் கெடக்கு?”

“கிடையில எல்லாரும் படலைச் சாத்திட்டு உறங்குறானுவ. முள்வேலிச் சந்துல மூஞ்சியை நொழைச்சேன். பின்னால வர முடியல. முட்டி மோதி முன்னாலயே போயிட்டேன்.”

மாடத்தி இரண்டு முகங்களையும் மாறி மாறித் தடவினாள். ஒன்றும் பழையபடி ஆகவில்லை.

அன்றைக்கு மாறிய முகங்கள்தான் மயிலை வழிவந்த வேட்டை நாய்களுக்கு ஒடுங்கிய நீள முகமாகவும், செவலை வழிவந்த காவல் நாய்களுக்கு மேல்வரிசையைத் தாண்டி நிற்கும் கீழ்ப்பல்லாகவும் இன்றுவரை இருக்கின்றன. செவலை வம்சத்து நாய் எதையாவது கவ்வியிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது வாயைத் திறக்காது, தாடையை மட்டும் ஒருதரம் முன்னே தள்ளும்.