பன்னிரண்டாம் படுக்கையின் இரத்த வகை

2022 ஜூன் 15, புதன்கிழமை. கோவையில் காலை முதல் சாரல். மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் நிறுவனமொன்றில், தலைமை வடிவமைப்பாளர் சந்தானகோபாலன், ஒப்பந்த ஊழியரான பேச்சியம்மாளை அழைத்தார்.

“படுக்கை எண் மாதிரி ஒரு சாவியைக் கொடுத்தா அதுக்கான தகவலைத் தர்ற நிரல், அதான் மேப், ஒண்ணு எழுதும்மா. எதை வேணும்னாலும் வாங்கிக்கணும். ஆனா தப்பா ஒண்ணுகூட நுழையக் கூடாது. என் மேப் எதையும் வாங்கிக்கும், ஒரு வருஷமா ஓடுது. சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா நாளைக்கு வராதே.”

மாலையில் மென்பொருளைப் பார்வையிட மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். பேச்சியம்மாள் சந்தானகோபாலனின் மேப்பில், பன்னிரண்டாம் படுக்கை என்னும் சாவிக்கு எதிரே ‘தக்காளி சாதம்’ என்று எழுதி ஓடவிட்டார். இரத்த வகை காட்டும் திரையில் அதுவே வந்து நின்றது.

மருத்துவர் திடுக்கிட்டு எழுந்தார். “ஐயையோ! இதையா நோயாளிக்கு ஏத்துறது?”

“எதையும் வாங்கிக்கும்னு சார்தானுங்க சொன்னாரு.”

“உன்னோடது மட்டும் என்ன கிழிக்கும்?” என்று சீறினார் சந்தானகோபாலன்.

“சாவி என்ன வகை, தகவல் என்ன வகைங்கிற ரெண்டு இடத்தையும் காலியா விட்டிருக்கேனுங்க சார். எதை வேணும்னாலும் நிரப்பிக்கலாம். நிரப்பிட்டா வேற எதுவும் நுழையாது.”

பேச்சியம்மாள் தன் மேப்பின் அந்த இரண்டு இடங்களிலும் ‘படுக்கை எண்’, ‘இரத்த வகை’ என்று நிரப்பினார். “இப்ப நீங்களே தக்காளி சாதம் போடுங்க சார்.”

சந்தானகோபாலன் மூன்று முறை முயன்றார். நிரல் ஓடுவதற்கு முன்பே கணினி சிவப்புக் கோடிட்டு மறுத்தது. சமையலறைக்காக அதே மேப்பின் இன்னொரு படியில், தகவலின் வகையை ‘உணவு’ என்று நிரப்பியதும், தக்காளி சாதம் மறுப்பின்றி உள்ளே சென்றது.

மறுநாள் பழைய மேப்பைச் சோதித்தனர். ஏழு படுக்கைகளில் இரத்த வகைக்குப் பதிலாகத் தொலைபேசி எண்கள் இருந்தன. அந்த மேப்பை அன்றே நீக்கிப் பேச்சியம்மாளுடையதை வைத்தனர். அவரது பணியும் நிரந்தரமாயிற்று.